மலைக்குப் போகும் முன்னே ஏழு கேள்வி

(ஆயக்குடியில் நடந்த கூட்டமைப்பின் தை மாதக் கூட்டத்தில், கண்டுணர் சுற்றுலா ஏற்பாட்டுக் குழுவின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



கொய்யாத் தோப்பில் காய் பறித்து, கூடையில் அடுக்கி மண்டிக்கு அனுப்பிவிட்டு, கை கால் கழுவியதும் கழுவாததுமாக ஓடி வந்திருக்கிறீர்கள். அதனால் நீட்டி முழக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

போன கூட்டத்தில், இந்த வருடம் கண்டுணர் சுற்றுலாவுக்கு எங்கே போகலாம் என்று கேட்டோம். ஊட்டி என்றார்கள், கன்னியாகுமரி என்றார்கள், குற்றாலம் என்றார்கள். அப்போது பின்வரிசையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுந்து, "எரிமலைக்குப் போலாங்க" என்றது. எல்லோரும் சிரித்தோம். "ஏங் கண்ணு, அடுப்படியில நாங்க பாக்காத நெருப்பா?" என்று ஓர் அக்கா கேட்டார். பிள்ளை விடவில்லை. "இல்லீங்க, போன்ல பாத்தேன். வெளிநாட்டுல எரிமலையையே தேசியப் பூங்காவா வெச்சிருக்காங்க. வழிகாட்டி முன்னால போறாரு. எல்லாரும் தலைக்கவசம் போட்டு வரிசையாப் போய்ப் பாக்கறாங்க" என்றது.

சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனாலும் அந்தப் பேச்சு எங்களை விடவில்லை. ஏற்பாட்டுக் குழுவில் உள்ள ஐந்து பேரும் பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் போய்க் கேட்டோம். பிள்ளைகளை வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டோம். எரிமலைக்கு நாம் போக முடியாது. ஆனால் எரிமலைக்குப் போகிறவர்கள் எப்படித் திட்டம் போடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டது, நாம் போகப்போகிற மலைக்கு நன்றாகப் பயன்பட்டது. அதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறோம்.

எரிமலை எங்கே இருக்கிறது?

நம் நாட்டில் இன்றும் உயிரோடு இருக்கிற எரிமலை ஒன்றே ஒன்றுதான். அந்தமான் கடலில் பேரன் தீவு என்ற இடத்தில் இருக்கிறது. போர்ட் பிளேர் என்று நாம் சொல்லிவந்த ஊருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். அங்கிருந்து வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டர். அந்த மலை 1787இல் நெருப்புக் கக்கியதைக் கப்பலில் போனவர்கள் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். பிறகு நெடுங்காலம் தூங்கிக் கிடந்து, 1991இல் மறுபடி விழித்துக்கொண்டது. இன்றைக்கும் விட்டு விட்டுப் புகைகிறது. அங்கே மனிதர் யாரும் குடியிருக்கவில்லை. நம்மைப் போன்ற சுற்றுலாக்காரர்கள் போய் இறங்கிச் சுற்றிவருகிற இடம் அல்ல அது.

வெளிநாட்டில் பல எரிமலைகளைத் தேசியப் பூங்காவாக வைத்துப் பாதுகாக்கிறார்கள். அமெரிக்காவைச் சேர்ந்த ஹவாய்த் தீவில் 1916லேயே அப்படி ஒரு பூங்கா வந்துவிட்டது. ஆனால் 2018இல் நிலநடுக்கமும் நெருப்பும் அதிகமானபோது, அந்தப் பூங்காவின் பெரும்பகுதியை நான்கு மாதத்துக்கு மேல் மூடிவிட்டார்கள். எவ்வளவு தூரத்திலிருந்து விமானம் ஏறி வந்தவராக இருந்தாலும் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

இன்னொன்று, நம் தமிழ் மக்கள் வாழ்கிற இடம். மொரீசியஸ் பக்கத்தில் ரியூனியன் என்று ஒரு தீவு. பிரெஞ்சுக்காரர் ஆட்சிக்கு உட்பட்டது. அங்கே 1848இல் அடிமை முறையை ஒழித்த பிறகு, கரும்புத் தோட்ட வேலைக்கு நம் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து ஏராளமான பேரைக் கப்பலில் கொண்டு போனார்கள். அவர்கள் பிள்ளை பேரன்கள் இன்றும் அங்கே கோயில் கட்டி, தீமிதித் திருவிழா நடத்துகிறார்கள். அதே தீவில் அடிக்கடி பொங்குகிற எரிமலை ஒன்று இருக்கிறது. அதன் பிரெஞ்சுப் பெயருக்கு உலை மலை என்று அர்த்தமாம். 1977இல் அதன் நெருப்புக் குழம்பு ஓர் ஊருக்குள்ளேயே வந்து வீடுகளை மூடியது. 1979இல் அந்த மலையைக் கண்காணிக்க ஒரு நிலையம் அமைத்தார்கள். 2007இல் அந்த மலைப்பகுதி தேசியப் பூங்கா ஆனது.

அங்கே சுற்றுலா எப்படி நடக்கிறது தெரியுமா? மலை அமைதியாக இருந்தால் உள்ளே போகிற பாதை திறந்திருக்கும். பொங்கப் போகிற அறிகுறி தெரிந்தால் அரசாங்கம் பாதையை மூடிவிடும். தூரத்திலிருந்துதான் பார்க்கலாம். அதனால் போகிறவர்கள் "டிக்கெட் எவ்வளவு?" என்பதற்கு முன்னால் "இன்றைக்கு மலை எப்படி இருக்கு? பாதை திறந்திருக்கா?" என்றுதான் கேட்க வேண்டும்.

அந்தக் கேள்விக்கு விலை மதிப்பே கிடையாது, சகோதரிகளே. நியூசிலாந்து நாட்டில் ஒயிட் ஐலண்ட் என்று ஓர் எரிமலைத் தீவு. அதைப் பார்க்கப் படகில் ஆட்களைக் கூட்டிப்போவார்கள். 2019 நவம்பர் மாதத்தில், அந்த மலை கொஞ்சம் குழம்பியிருக்கிறது என்று கண்காணிப்பவர்கள் எச்சரிக்கை அளவை ஒரு படி கூட்டினார்கள். ஆனாலும் சுற்றுலா நடந்தது. டிசம்பர் 9ஆம் தேதி மலை வெடித்தபோது தீவில் 47 பேர் இருந்தார்கள். 22 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் வழிகாட்டிகளும் இருந்தார்கள்.

இதைப் படித்துக் கேட்டபோது நாங்கள் ஐந்து பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். கூட வழிகாட்டி இருந்தால் போதும் என்றுதானே நாம் நினைக்கிறோம்? அவர் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டு வந்துவிடலாம் என்று நினைக்கிறோம். போதாது. போவதற்கு முன்னால் நாமும் கேட்க வேண்டும்.

நம் மலையில் வருகிற நெருப்பு

"அதெல்லாம் எரிமலை. நம்ம மலைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். நம் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் தெரிகிற பழனி மலைத்தொடர் எரிமலை கிடையாது. அந்தப் பாறை எல்லாம் பூமிக்குள்ளே வெகு ஆழத்தில் வெந்து இறுகி, கோடிக்கணக்கான வருடங்களில் மேலே வந்தது. உள்ளே நெருப்பு இல்லை.

ஆனால் மாசி, பங்குனி வந்தால் மேலே நெருப்பு வருகிறது. ராத்திரி நேரத்தில் மலைச் சரிவில் மாலை போட்ட மாதிரி தீ எரிவதை நாம் எல்லோரும் முற்றத்தில் நின்று பார்த்திருக்கிறோம்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. நம் பக்கத்து தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி மலை. சென்னையிலிருந்தும், ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்தும் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கிக்கொண்டார்கள். 23 பேர் உயிர் போனது. அதில் பல பேர் பெண்கள். நன்றாகப் படித்து, வேலை பார்த்து, தைரியமாக மலை ஏற வந்த பிள்ளைகள். காய்ந்த போதைப்புல் எவ்வளவு வேகமாகப் பற்றும் என்று நம் ஊரில் ஆடு மேய்க்கிற பாட்டிக்குத் தெரியும். பட்டணத்துப் பிள்ளைக்கு அதை யார் சொல்லியிருக்க வேண்டும்?

அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசாங்கமே 40 பாதைகளை அறிவித்து, முன்பதிவு செய்து, பயிற்சி பெற்ற உள்ளூர் மலைமக்களை வழிகாட்டியாக வைத்து நடத்தும் திட்டத்தைத் தொடங்கியது. அதிலும் தீக்காலத்தில், பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை, பாதைகளை மூடி வைக்கிறார்கள். ரியூனியனில் எரிமலைக்குச் செய்வதை இங்கே நாம் காட்டுத்தீக்குச் செய்கிறோம். விஷயம் ஒன்றுதான்.

நாம் செய்த தப்பு

அடுத்தவரைப் பற்றி மட்டும் பேசினால் போதாது. நம் கதையையும் சொல்ல வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் நாம் ஒரு மலைக்கு வேன் பிடித்துப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறோம்.

ஏற்பாடு செய்தவர் "எல்லாம் நாம் பாத்துக்கறேன், நீங்க வந்து ஏறினாப் போதும்" என்றார். நாமும் ஏறினோம். பங்குனி வெயில். சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். தீக்காலம், மலை மூடியிருக்கிறது, திரும்புங்கள் என்றார்கள். அனுமதிக் கடிதம் எங்கே என்று கேட்டால், அப்படி ஒன்று வாங்கவே இல்லை. புளிச்சோறு கெட்டுப்போனது. ரோட்டோரம் நிழல் இல்லாமல் உட்கார்ந்ததில் ஒரு பெரியம்மா மயங்கி விழுந்தார். திரும்பி வரும்போது பெட்ரோல் பங்கில் கழிப்பறைக்குப் போன உறுப்பினர் ஒருவரை விட்டுவிட்டு இருபது கிலோமீட்டர் வந்துவிட்டோம். யாரும் ஆள் எண்ணவில்லை. அந்த அம்மாவிடம் போன் கிடையாது. அழுதுகொண்டே நின்றிருந்தார். கொடுத்த பணமும் திரும்பி வரவில்லை, ரசீது இல்லாததால்.

இதிலே அவமானம் என்னவென்றால், நாம் ஏமாறுகிற ஆட்கள் கிடையாது. குழுக் கூட்டத்தில் பத்து ரூபாய் கணக்கு இடித்தால் தீர்மான நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். வங்கி மேலாளர் முன்னால் உட்கார்ந்து, வட்டி எப்படிப் போட்டீங்க என்று கேட்கிறோம். கடன் கொடுக்கும் முன்னே எதற்கு, எப்படித் திருப்புவீங்க என்று சொந்தத் தங்கச்சியையே கேட்கிறோம். அப்படிக் கேட்டுப் பழகிய வாய், சுற்றுலா என்றதும் மூடிக்கொண்டது. ஊர் பார்க்கப் போகிற சந்தோஷத்தில் கேட்கக் கூச்சமாக இருந்தது. அவ்வளவுதான்.

இந்த முறை எங்கே, எதற்கு?

இந்த முறை ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் உள்ள டாப்சிலிப் போகலாம் என்று ஏற்பாட்டுக் குழு முன்வைக்கிறது. அது 1976இல் சரணாலயமாகி, 2007இல் புலிகள் காப்பகம் ஆன காடு. அதற்குள்ளேயே ஒரு பகுதி தேசியப் பூங்காவும்கூட. ஆக, பிள்ளை கேட்டதில் எரிமலை இல்லாவிட்டாலும் தேசியப் பூங்கா இருக்கிறது, வழிகாட்டியும் உண்டு. பழனி, உடுமலை, பொள்ளாச்சி, சேத்துமடை வழியாக, நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஒரே நாளில் போய்த் திரும்பலாம்.

வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே தேக்கை வெட்டி, மலை மேலிருந்து கீழே சறுக்கிவிடுவார்களாம். அதனால்தான் டாப்சிலிப் என்று பெயர். வெட்டி மொட்டையாக்கிய காட்டில் மறுபடி தேக்கை வளர்த்தவர் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி. கைத்தடியால் குழி குத்தி விதை போட்டுக்கொண்டே நடப்பார் என்று சொல்வார்கள். அவர் கல்லறையும் அங்கேயே இருக்கிறது.

ஆனால் நாம் போவது மரம் பார்க்க மட்டும் இல்லை. யானைக்காகப் போகிறோம். நம் அடிவாரத் தோப்புகளுக்கு யானை வருகிறது. கொய்யா, தென்னை, வாழை எதையும் விடுவதில்லை. நம் உறுப்பினர் ஒருவர் விடிகாலையில் காய் பறிக்கப் போய், மூங்கில் வேலி ஓரம் யானை நிற்பதைப் பார்த்து, தூக்குப்போசியைப் போட்டுவிட்டு ஓடி விழுந்து கையை முறித்துக்கொண்டார். ஓடியது சரியா தப்பா என்று இன்றுவரை நமக்குத் தெரியாது. யானையோடு பக்கத்தில் வாழ்கிறோம். அதைப் பற்றி யாரும் நமக்குச் சொல்லித் தந்தது இல்லை.

டாப்சிலிப் பக்கம் கோழிகமுத்தி என்ற இடத்தில் வனத்துறையின் யானை முகாம் இருக்கிறது. அங்கே பாகனாகவும் காவடியாகவும் வேலை பார்க்கிற மலசர் மக்கள் பரம்பரையாக யானையோடு பழகியவர்கள். 2019இல் சின்னத்தம்பி என்ற யானையைக் கோயம்புத்தூர்ப் பக்கம் பிடித்து டாப்சிலிப் காட்டில் விட்டபோது, அது நடந்தே நம் பக்கத்து மடத்துக்குளம் கரும்புத் தோட்டம் வரை வந்து நின்றதே, ஞாபகம் இருக்கிறதா? அதை மறுபடி பிடித்துக் கொண்டுபோனதும் அந்தக் காட்டு முகாமுக்குத்தான். யானையைப் பற்றிக் கேட்க அவர்களைவிட நல்ல வாத்தியார் நமக்குக் கிடைக்க மாட்டார்கள்.

இன்னொரு சேதியும் கேளுங்கள். யானைக் கூட்டத்தை நடத்திப் போவது மூத்த பெண் யானை. தண்ணீர் எங்கே, வழி எங்கே என்று அதற்குத்தான் ஞாபகம் இருக்கும். குழுவுக்குத் தலைவி வேண்டும் என்று யானைக்கும் தெரிந்திருக்கிறது.

நாளும் பணமும்

நாள்: பங்குனியில் தீ பயம். தைப்பூசத்துக்குப் பாதயாத்திரைக் கூட்டம். ஐப்பசி, கார்த்திகையில் மலைப்பாதையில் மழை. அதனால் புரட்டாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை என்று யோசித்திருக்கிறோம். சனிக்கிழமை பெருமாளுக்கு, ஞாயிற்றுக்கிழமை அங்கே கூட்டம் அதிகம். புதன்கிழமை என்றால் பாகன்களோடு நின்று பேச முடியும்.

பணம்: இந்தத் தை மாதம் தொடங்கி ஆவணி வரை எட்டு மாதம், மாதம் 100 ரூபாய். ஆளுக்கு 800 ரூபாய் ஆகும். 40 பேர் என்றால் 32,000 ரூபாய். இது சேமிப்போடு சேராது. தனி நோட்டு, தனிக் கணக்கு. சுற்றுலாவுக்காக யாருக்கும் உள்கடன் கிடையாது. ஊர் பார்த்த கடனை வட்டியோடு கட்டுகிற நிலைமை யாருக்கும் வர வேண்டாம். வண்டிக்கு மூன்று இடத்தில் விலை கேட்டு, மூன்றையும் அடுத்த கூட்டத்தில் படிப்போம். பத்தில் ஒரு பங்கு, அதாவது 3,200 ரூபாயை, அவசரத்துக்கென்று தொடாமல் வைப்போம். மீதமானால் ஆளுக்குப் பிரித்துத் திருப்பிக் கொடுப்போம்.

வரலை என்று சொன்னவர்கள்

பெயர் எழுதப் போனபோது சிலர் "நான் வரலை" என்றார்கள். ஏன் என்று கேட்டால் "காசு இல்லை" என்றார்கள். நாங்களும் அப்படியே எழுதிக்கொண்டோம். பிறகு தனியாகக் கேட்டபோதுதான் உண்மை தெரிந்தது. ஓர் அக்கா சொன்னார்: "எனக்கு அடக்க முடியாது சாமி. அரை மணிக்கு ஒருக்கா போகணும். வண்டியை நிறுத்தச் சொல்ல வெக்கமா இருக்கு. அதான் எங்கியும் போறதில்ல." கல்யாணத்துக்குக்கூட அந்த அக்கா காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் போவாராம். பதினைந்து வருடமாக இப்படி.

இதைக் கேட்டு எங்களுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் ஒருவர் மட்டும் இல்லை என்று உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. முதலில், அது வெட்கப்படுகிற விஷயம் இல்லை. மருத்துவம் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நாங்களே கூட்டிப்போகிறோம். இரண்டாவது, வண்டி ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை, நல்ல கழிப்பறை இருக்கிற இடத்தில் நிற்கும். யாரும் கேட்காமலேயே நிற்கும். இதை வண்டிக்காரரிடம் முதலிலேயே எழுதி வாங்குவோம். இடையில் அவசரம் என்றால் கையைத் தூக்கினால் போதும், காரணம் சொல்ல வேண்டாம்.

இன்னும் சிலருக்கு வீட்டில் விடவில்லை. சண்டை போட வேண்டாம். எந்த நேரம் கிளம்புகிறோம், எங்கே சாப்பாடு, எந்த நேரம் திரும்புகிறோம், யார் யார் போன் எண் என்று ஒரு தாளில் அடித்துத் தருகிறோம். வீட்டில் காட்டுங்கள். மாமியார் வருகிறேன் என்றால் 800 ரூபாய் கட்டி அவரும் வரட்டும்.

ஏழு கேள்வி

இனி முக்கியமான விஷயம். இந்த ஏழு கேள்வியையும் தீர்மான நோட்டில் எழுதுங்கள். எங்கே போனாலும், யார் கூட்டிப் போனாலும், பதில் வாங்கிய பிறகுதான் முன்பணம்.

ஒன்று: அனுமதி யார் தர வேண்டும்? அது எழுத்தில் நம் கையில் இருக்கிறதா?

இரண்டு: நாம் போகிற அன்று அந்த இடம் திறந்திருக்குமா? தீ, மழை, விலங்கு நடமாட்டம் காரணமாக மூடுவார்களா? மாதம் முன்னால் ஒரு முறை, இரண்டு நாள் முன்னால் ஒரு முறை, கிளம்புகிற காலையில் ஒரு முறை கேட்க வேண்டும்.

மூன்று: வழிகாட்டி யார்? அந்தக் காட்டில் பழகியவரா? வனத்துறை ஏற்றுக்கொண்டவரா?

நான்கு: ஒரு வண்டிக்கு, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? ஆள் எண்ணுவது யார்?

ஐந்து: ஆபத்து வந்தால் எந்தப் பக்கம் போவது, எங்கே சேருவது? போன் எடுக்குமா? எடுக்காத இடத்தில் யாரிடம் சொல்வது? பக்கத்து மருத்துவமனை எது?

ஆறு: தண்ணீர், கழிப்பறை, நடை எவ்வளவு தூரம்? மூட்டு வலிக்காரர் எங்கே உட்கார்ந்திருக்கலாம்?

ஏழு: மொத்தச் செலவு எவ்வளவு? இடம் மூடிவிட்டால் பணம் திரும்புமா? ரசீது உண்டா?

கேட்டால் கோபப்படுகிறவரோடு போகாதீர்கள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்று சொல்கிறவரோடும் போகாதீர்கள். ஆகாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் என்ன செய்வோம் என்று சொல்ல முடிய வேண்டும்.

காட்டுக்குள்ளே

எட்டு எட்டுப் பேராக ஐந்து அணி. ஒவ்வொரு அணிக்கும் ஒரு அணித் தலைவி. வண்டி கிளம்பும் ஒவ்வொரு முறையும் அவர் எண்ணிச் சொன்ன பிறகுதான் சக்கரம் உருளும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாத்திரையை இரண்டு பங்காக வைத்து, ஒரு பங்கை அணித் தலைவியிடம் கொடுக்க வேண்டும். அவசர ஊர்திக்கு 108 என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் காட்டுக்குள் போன் எடுக்காது என்று நினைத்தே போக வேண்டும்.

பச்சை, காவி, மங்கின நிறச் சேலை கட்டுங்கள். சென்ட் வேண்டாம். பூ கொஞ்சமாக. பிளாஸ்டிக் பையும் பாட்டிலும் கொண்டுபோகக் கூடாது. சாப்பாடு வாழை இலைப் பொட்டலத்திலும் தூக்கிலும். குரங்குக்கு ஒரு பருக்கைகூடப் போடக் கூடாது. காட்டுக்குள் வனத்துறை வண்டியில்தான் போவோம். இறங்கச் சொல்லாத இடத்தில் இறங்கக் கூடாது. வழிகாட்டி நில் என்றால் நிற்க வேண்டும், திரும்பு என்றால் திரும்ப வேண்டும். முன்னால் ஏழு கேள்வி கேட்பது நம் உரிமை. உள்ளே போன பிறகு அவர் சொல்வதைக் கேட்பது நம் கடமை. செல்ஃபி எடுக்க ஒருத்தர் பின்தங்கினால் நாற்பது பேருக்கும் ஆபத்து.

பாகன்களிடம் கேட்க வேண்டியதை இப்போதே எழுதி வையுங்கள். யானையை எதிரில் பார்த்தால் ஓடலாமா, நிற்கலாமா? எந்த நேரத்தில் தோப்புக்குள் நுழையக் கூடாது? பட்டாசு வெடித்தால் போகுமா, கோபம் வருமா? குட்டியோடு இருந்தால் எப்படித் தெரியும்? காலையில் முகாமில் ராகி, கொள்ளு, அரிசி உருண்டை பிடித்து ஊட்டுவார்கள். அதைப் பார்த்து ரசிப்போம். ரசித்துவிட்டு இந்தக் கேள்விகளையும் கேட்டு வருவோம். முகாமில் நிற்பது பழக்கிய யானை, தோப்புக்கு வருவது காட்டு யானை. அந்த வித்தியாசத்தையும் அவர்களிடமே கேட்போம்.

திரும்பும் வழியில் ஆனைமலை மாசாணியம்மனைப் பார்க்கணும் என்று பலர் கேட்டீர்கள். வெளிச்சம் இருந்தால் கட்டாயம் போவோம். நேரமாகிவிட்டால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

திரும்பி வந்த பிறகு

கண்டுணர் சுற்றுலா என்றால் கண்டது போதாது, உணர்ந்ததைச் சொல்லவும் வேண்டும். வந்த மறு வாரம் ஒவ்வொரு அணியும் தங்கள் குழுவில் பேச வேண்டும். யானையைப் பற்றிக் கேட்டதை ஒரு தாளில் எழுதி, வனத்துறையிடம் காட்டிச் சரிபார்த்து, அடிவாரத் தோப்புகளில் ஒட்டுவோம். கை முறிந்த நம் சகோதரி அந்தத் தாளை முதல் தோப்பில் ஒட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.

கடைசியாக ஒன்று. புரட்டாசிப் புதன்கிழமை காலையில் கேட்கும்போது "இன்றைக்கு மூடியிருக்கிறது" என்று பதில் வந்தால் என்ன செய்வோம்? இட்லியை அவிழ்த்து இங்கேயே வரதமாநதி அணைக் கரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, வேறு நாள் குறிப்போம். யாரும் "கிளம்பியாச்சு, போய்த்தான் பார்ப்போமே" என்று சொல்லக் கூடாது. மூன்று வருடத்துக்கு முன்னால் நாம் அப்படிச் சொன்னோம். குரங்கணிக்குப் போன பிள்ளைகளுக்காக இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற தாய்மார் இருக்கிறார்கள். மலை அங்கேயே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து பேரப்பிள்ளைக்குக் கதை சொல்ல நாம் இருக்க வேண்டும்.

எரிமலை கேட்ட பிள்ளையையும் கூட்டிப் போகலாம் என்று ஏற்பாட்டுக் குழு முடிவு செய்திருக்கிறது. அன்று ஏழு கேள்வியையும் வழிகாட்டியிடம் படிக்கப்போவது அந்தப் பிள்ளைதான்.

ஒவ்வொரு குழுவும் இதைக் கூட்டத்தில் பேசி, தீர்மானம் எழுதி, வருகிறவர் பெயரையும் முதல் மாதம் 100 ரூபாயையும் அடுத்த கூட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். வர முடியாதவர் காரணத்தையும் எழுதுங்கள். காசு என்று எழுதும் முன்னே, ஒரு தடவை தனியாகக் கேட்டுப் பாருங்கள்.